ஜான் வில்லியம் கொலென்சோ

ஜான் வில்லியம் கொலென்சோ (ஜனவரி 24, 1814 - ஜூன் 20, 1883) என்பவர் தென்னாப்பிரிக்காவில் பிரித்தானியரின் குடியேற்ற நாடாக இருந்த நேட்டாலில் பணியாற்றிய முதலாவது ஆங்கிலிக்கத் திருச்சபை ஆயர் (பிஷப்) ஆவார். இங்கிலாந்தில் பிறந்த இவர் கணித ஆசிரியராகவும், பாடநூல் ஆசிரியராகவும், சூலு மொழி அறிஞராகவும், விவிலிய ஆய்வாளராகவும் அறியப்படுகிறார். பழைய ஏற்பாட்டின் முதல் ஐந்து நூல்களில் கூறப்படும் எண்களும் நிகழ்வுகளும் வரலாற்று அடிப்படையில் ஏற்கத்தக்கவை அல்ல என்று எழுதியதால் 1863 இல் இவர் பதவி நீக்கத் தீர்ப்புக்கு உள்ளானார். எனினும் நீதிமன்றத் தீர்ப்பின் துணையுடன் இறக்கும் வரை நேட்டாலின் ஆயராகவே நீடித்தார். வாழ்வின் கடைசிப் பத்து ஆண்டுகளில், குடியேற்ற அரசு ஆப்பிரிக்க மக்களை நடத்திய முறையை எதிர்த்துப் போராடினார். சூலு மக்கள் இவரை மக்களின் தந்தை என்னும் பொருள்பட சோபன்டு என்று அழைத்தனர்.

பிறப்பும் கல்வியும்

கொலென்சோ இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் உள்ள கார்ன்வால் பகுதியில் செயின்ட் ஆஸ்டெல் என்னும் ஊரில் பிறந்தார். இவரது தந்தை தகரச் சுரங்கத் தொழிலில் முதலீடு செய்திருந்தார். சுரங்கத்தில் கடல்நீர் புகுந்ததால் குடும்பம் தன் செல்வத்தை இழந்தது. எனவே கொலென்சோ இளம் வயதிலேயே ஒரு பள்ளியில் துணை ஆசிரியராக வேலை செய்து பொருள் ஈட்ட வேண்டியதாயிற்று.

1832 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில், கட்டணச் சலுகை பெறும் ஏழை மாணவராகச் சேர்ந்தார். 1836 இல் நடைபெற்ற கணிதச் சிறப்புத் தேர்வில் பல்கலைக்கழக அளவில் இரண்டாம் இடம் பெற்றார். கணிதத்திற்கான சிமித் பரிசும் இவருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டில் தம் கல்லூரியிலேயே ஆய்வுறுப்பினராகத் தேர்வு செய்யப்பட்டார்.

கணிதப் பாடநூல்கள்

கேம்பிரிட்ஜை விட்டு ஹாரோ பள்ளியில் கணித ஆசிரியராகச் சேர்ந்த கொலென்சோ, அங்கு மாணவர் விடுதி ஒன்றையும் நடத்தினார். விடுதி தீப்பற்றி எரிந்ததுடன் பள்ளியின் மாணவர் எண்ணிக்கையும் குறைந்திருந்ததால், இவருக்கு ஏறத்தாழ 5,000 பவுண் கடன் ஏற்பட்டது. 1842 இல் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பி, மாணவர்களுக்குக் கற்பித்தும் பாடநூல்கள் எழுதியும் அக்கடனை அடைக்க முயன்றார்.

இவர் எழுதிய இயற்கணித நூல் 1841 இலும் எண்கணித நூல் 1843 இலும் வெளிவந்தன. இவை பிரித்தானியப் பள்ளிகளில் நீண்ட காலம் பயன்படுத்தப்பட்டன. எண்கணித நூலின் பதிப்புரிமையை லாங்மன்ஸ் பதிப்பகத்துக்கு 2,400 பவுணுக்கு விற்றார். பின்னாளில் இவர் விவிலியத்தின் எண்களைக் கேள்விக்கு உட்படுத்தியபோது, இங்கிலாந்தின் வாசகர்கள் பலர் இவர் பெயரைப் பள்ளிப் பாடநூல் வழியாக ஏற்கெனவே அறிந்திருந்தனர்.

1846 இல் சாரா பிரான்செஸ் பன்யன் என்பவரை மணந்து, நார்ஃபோக் பகுதியில் உள்ள ஃபார்ன்செட் என்னும் சிற்றூரின் பங்குக் குருவானார். சாரா, இறையியலாளர் பிரெடெரிக் டெனிசன் மாரிசின் கருத்துகளில் ஈடுபாடு கொண்டவர். கடவுளின் அன்பு மனிதர் அனைவருக்கும் உரியது என்னும் மாரிசின் கருத்து கொலென்சோவின் சிந்தனையிலும் ஆழமாகப் பதிந்தது.

நேட்டாலின் ஆயர்

இந்தியப் பெருங்கடல் கரையில் அமைந்த நேட்டாலை பிரித்தானியர் 1843 இல் தம் ஆட்சிப்பகுதியுடன் இணைத்தனர். அதன் வடக்கில் துகேலா ஆற்றுக்கு அப்பால் சூலு அரசு தனியாட்சியுடன் விளங்கியது. நேட்டாலிலும் மக்களில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்களே. ஐரோப்பியக் குடியேறிகள் சிறுபான்மையினராக இருந்தனர்.

கேப் டவுன் ஆயர் ராபர்ட் கிரே தம் பரந்த மறைமாவட்டத்தைப் பிரித்து நேட்டாலுக்குத் தனி ஆயர் ஒருவரை நியமிக்க விரும்பினார். கொலென்சோவை அப்பதவிக்குத் தேர்ந்தெடுத்து அழைத்தவரும் கிரேயே ஆவார். 1853 நவம்பர் 30 அன்று கொலென்சோ ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

1854 இன் தொடக்கத்தில் நேட்டாலுக்குச் சென்று பத்து வாரங்கள் நாட்டைச் சுற்றிப் பார்த்தார். குடியேற்ற அரசில் ஆப்பிரிக்க மக்கள் தொடர்பான நிர்வாகத்தைக் கவனித்து வந்த தியோஃபிலஸ் ஷெப்ஸ்டோன் இப்பயணத்தில் இவருக்குத் துணை செய்தார். இருவரும் நெருங்கிய நண்பர்களாயினர். 1855 இல் குடும்பத்துடன் நேட்டாலுக்குக் குடிபெயர்ந்த கொலென்சோ, தலைநகர் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் அருகே பிஷப்ஸ்டோ எனப்பட்ட தம் இல்லத்தையும், எகுக்கான்யேனி என்னும் மறைபணி நிலையத்தையும் அமைத்தார். சூலு மொழியில் இப்பெயருக்கு ஒளி உள்ள இடம் என்பது பொருள். ஆப்பிரிக்கத் தலைவர்களின் பிள்ளைகள் தங்கிப் படிப்பதற்கான பள்ளியும் ஓர் அச்சகமும் அங்கு இயங்கின.

சூலு மொழிப் பணி

கொலென்சோ சூலு மொழியை விரைவாகக் கற்றார். அம்மொழிக்கு இலக்கண நூல்களை எழுதினார். 1861 இல் சூலு-ஆங்கில அகராதியை வெளியிட்டார். புதிய ஏற்பாடு முழுவதையும் பழைய ஏற்பாட்டின் சில பகுதிகளையும் சூலுவில் மொழிபெயர்த்தார். பிற்காலத்தில் தென்னாப்பிரிக்க மொழிகளின் ஆய்வில் புகழ்பெற்ற செருமானிய அறிஞர் வில்ஹெல்ம் பிளீக், கொலென்சோவுக்கு உதவுவதற்காகவே 1855 இல் நேட்டாலுக்கு வந்தார்.

அக்காலத்து மறைபணியாளர் பலர், ஆப்பிரிக்கர்களிடம் கடவுளைப் பற்றிய அறிவு இல்லை எனக் கருதி, கடவுளைக் குறிக்க வெளியிலிருந்து வந்த சொற்களைப் பயன்படுத்தினர். கொலென்சோ ஊர் ஊராகச் சென்று மக்களிடம் கேட்டறிந்து, அனைத்துக்கும் முன்னவர் என்று அவர்கள் போற்றும் உன்குலுன்குலு என்னும் பெயரே கடவுளைக் குறிக்கத் தக்கது என்று முடிவு செய்தார். இன்றும் சூலு கிறித்தவர்கள் கடவுளை இப்பெயராலேயே அழைக்கின்றனர்.

1859 இல் கொலென்சோ சூலு அரசர் இம்பாண்டேயைக் காணச் சென்றார். உடன் சென்ற மூன்று ஆப்பிரிக்கர்கள் அப்பயணத்தைப் பற்றிச் சூலு மொழியில் எழுதியவற்றை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1860 இல் அச்சிட்டார். சூலு மக்களே எழுதி அச்சில் வந்த மிகப் பழைய ஆக்கங்களுள் இவையும் அடங்கும். அம்மூவரில் ஒருவரான மகேமா ஃபூஸே எகுக்கான்யேனியில் அச்சுத்தொழில் கற்றவர். ஆப்பிரிக்க மக்களின் வரலாறு குறித்து அவர் சூலு மொழியில் எழுதிய நூல் 1922 இல் வெளிவந்தது.

பலதார மணம் பற்றிய நிலைப்பாடு

ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரைக் கொண்ட ஆப்பிரிக்க ஆண்கள் திருமுழுக்குப் பெற வேண்டுமானால், ஒருவரைத் தவிர மற்ற மனைவியரை விலக்க வேண்டும் என்பது மறைபணியாளரின் பொதுவான விதியாக இருந்தது. 1855 இல் கொலென்சோ இதனை எதிர்த்து எழுதினார். கிறித்தவர் புதிதாகப் பல மணங்களைச் செய்வதை இவர் ஏற்கவில்லை. ஆனால் முறைப்படி மணந்த பெண்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் ஆதரவின்றி வெளியேற்றுவது அதைவிடப் பெரிய தீமை என்று வாதிட்டார். இக்கருத்து திருச்சபையில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1888 இல் கூடிய ஆங்கிலிக்க ஆயர்களின் லாம்பெத் மாநாடு இதற்கு நேர்மாறாக முடிவெடுத்தது. அதற்கு நூறு ஆண்டுகளுக்குப் பின், 1988 ஆம் ஆண்டு மாநாடு, சில நிபந்தனைகளுடன் அத்தகையோர் தம் மனைவியருடனும் பிள்ளைகளுடனும் திருமுழுக்குப் பெறலாம் என்று ஏற்றுக்கொண்டது.

ஐந்நூல் ஆய்வு

மொழிபெயர்ப்புப் பணியில் கொலென்சோவுக்குத் துணையாக இருந்தவர்களுள் வில்லியம் இங்கிடி என்னும் சூலு ஆசிரியரும் ஒருவர். நோவா காலத்துப் பெருவெள்ளத்தின் கதையை மொழிபெயர்த்தபோது, இது உண்மையிலேயே நடந்ததா என்று இங்கிடி கேட்டார். சார்ல்ஸ் லையலின் புவியியல் நூல்களைப் படித்திருந்த கொலென்சோ, உலகம் முழுவதையும் மூடிய வெள்ளம் நிகழ்ந்திருக்க இயலாது என்பதை அறிந்திருந்தார். தாம் நம்பாத ஒன்றை உண்மை என்று கூற மனம் ஒப்பாததால், பஞ்சாகமம் எனப்படும் முதல் ஐந்து நூல்களையும் முறையாக ஆராயத் தொடங்கினார்.

ஆய்வின் முதற்பகுதி 1862 அக்டோபரில் இலண்டனில் வெளிவந்தது. அதில் இவர் கையாண்ட முறை பெரும்பாலும் எண்கணிதமே ஆகும். எகிப்திலிருந்து வெளியேறிய இஸ்ரயேலரில் போரிடத்தக்க ஆண்கள் மட்டும் ஆறு இலட்சம் பேர் என யாத்திராகமம் கூறுகிறது. அவ்வாறாயின் பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்து மொத்த மக்கள் தொகை இருபது இலட்சத்துக்கும் கூடுதலாக இருக்க வேண்டும். இவ்வளவு பெரிய கூட்டம் கால்நடைகளுடன் ஒரே இரவில் புறப்படுவதும், ஆசரிப்புக் கூடாரத்தின் வாயிலில் ஒன்றாகக் கூடுவதும், பாலைநிலத்தில் உணவும் நீரும் பெறுவதும் இயலுமா என்று கேட்டார். எண்ணாகமத்தில் தலைமகன்களின் எண்ணிக்கை 22,273 என்று தரப்பட்டுள்ளது. அப்படியெனில் ஒவ்வொரு தலைமகனுக்கும், இருபது வயது நிரம்பிய ஆண்கள் மட்டுமே ஏறத்தாழ 27 பேர் இருந்திருக்க வேண்டும். அம்மக்கள் அனைவருக்காகவும் பலி செலுத்த ஆரோனும் அவருடைய இரு மகன்களும் ஆகிய மூன்று குருக்களே இருந்ததையும் சுட்டிக்காட்டினார்.

நூல் சில நாட்களில் ஏறத்தாழ 10,000 படிகள் விற்பனையானது. இது 1879 வரை ஏழு பகுதிகளாக வெளிவந்தது. இங்கிலாந்தின் ஆயர்களில் பெரும்பாலோர் கொலென்சோ பதவி விலக வேண்டும் என்று வற்புறுத்தினர். நண்பரான மாரிசும் இவரிடமிருந்து விலகினார். சார்ல்ஸ் லையல் போன்ற அறிவியலாளரும், வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தின் தலைமைக் குருவான ஆர்தர் ஸ்டான்லியும் இவருக்கு ஆதரவாக நின்றனர். இறைவன் உண்மையின் இறைவன் என்பதால், ஆராய்ச்சி சமயப் பற்றுக்குப் பகையாகாது என்பது கொலென்சோவின் நிலைப்பாடாக இருந்தது.

விசாரணையும் வழக்கும்

தென்னாப்பிரிக்க ஆங்கிலிக்கத் திருச்சபையின் தலைமை ஆயர் என்ற முறையில் ராபர்ட் கிரே 1863 இன் இறுதியில் கேப் டவுனில் விசாரணை நடத்தினார். வேறு இரண்டு ஆயர்கள் அவருடன் அமர்ந்தனர். கிரேக்கு இவ்வாறு விசாரிக்கும் அதிகாரம் இல்லை என்று கருதிய கொலென்சோ நேரில் செல்லவில்லை. அவருடைய மறுப்பை வில்ஹெல்ம் பிளீக் முன்வைத்தார். 1863 டிசம்பர் 16 அன்று கொலென்சோ பதவி நீக்கம் செய்யப்படுவதாகத் தீர்ப்பளிக்கப்பட்டது.

கொலென்சோ இலண்டனில் உள்ள பிரிவி கவுன்சிலின் நீதிக்குழுவிடம் முறையிட்டார். 1865 மார்ச்சு மாதத்தில் வெளிவந்த தீர்ப்பு, விவிலியம் பற்றிய கருத்து வேறுபாட்டிற்குள் செல்லவில்லை. சட்டமன்றம் அமைந்துவிட்ட ஒரு குடியேற்ற நாட்டில், அரச ஆணைப்பத்திரத்தின் மூலம் மட்டும் ஓர் ஆயருக்கு மற்றோர் ஆயரை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரத்தை அரசி வழங்க இயலாது என்று அது கூறியது. எனவே கிரேயின் தீர்ப்பு செல்லாததாயிற்று. கொலென்சோவின் சம்பளத்தை நிறுத்தி வைத்திருந்த நிதியத்துக்கு எதிரான வழக்கிலும் 1866 இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கிடைத்தது.

இவ்வழக்கின் விளைவுகள் நேட்டாலைக் கடந்து பரவின. குடியேற்ற நாடுகளின் ஆங்கிலிக்கத் திருச்சபைகள், அரசின் ஆணையை நம்பியிராமல் தமக்கென அமைப்பு விதிகளை வகுத்துக்கொள்ள வேண்டிய நிலை ஏற்பட்டது. உலகெங்கும் உள்ள ஆங்கிலிக்க ஆயர்கள் 76 பேர் கூடிய முதலாவது லாம்பெத் மாநாடு 1867 இல் நடைபெற்றதற்கு இச்சிக்கலும் ஒரு காரணமாகும். கொலென்சோ அதற்கு அழைக்கப்படவில்லை.

ஒரே நாட்டில் இரண்டு ஆயர்கள்

1865 நவம்பரில் கொலென்சோ நேட்டாலுக்குத் திரும்பினார். 1866 ஜனவரியில் கிரே இவரைத் திருச்சபையிலிருந்து விலக்கி வைத்தார். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் தலைமைக் குரு ஜேம்ஸ் கிரீன் கொலென்சோவை ஏற்க மறுத்தார். எனினும் நீதிமன்றத்தின் ஆணைப்படி புனித பேதுரு பேராலயம் கொலென்சோவின் பொறுப்பிலேயே இருந்தது. 1869 இல் கிரே, வில்லியம் மக்ரோரி என்பவரை மாரிட்ஸ்பர்க் ஆயர் என்னும் பெயரில் திருநிலைப்படுத்தினார். இதனால் ஒரே சிறு நகரில் இரண்டு ஆயர்களும் இரண்டு பேராலயங்களும் இருக்கும் நிலை உருவானது. மக்ரோரி 1891 இல் பதவி விலகினார். 1893 இல் நேட்டாலுக்குப் புதிய ஆயர் நியமிக்கப்பட்ட பின்னரே இப்பிளவு குறையத் தொடங்கியது.

இக்காலத்தில் நேட்டாலின் ஐரோப்பியக் குடியேறிகள் பலர் கொலென்சோவை ஆதரித்து, அவருடைய பேராலயத்தில் வழிபட்டனர். இந்த ஆதரவை அவர் பின்னர் இழந்தது சமயக் கருத்துகளால் அன்று, அரசியல் நிலைப்பாட்டினாலேயே ஆகும்.

லங்கலிபலேலே வழக்கு

லங்கலிபலேலே, நேட்டாலில் வாழ்ந்த ஹ்லூபி மக்களின் தலைவர். இம்மக்களின் இளைஞர்கள் வைரச் சுரங்கங்களில் உழைத்துப் பெற்ற துப்பாக்கிகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1873 இல் அரசு வற்புறுத்தியது. தலைநகருக்கு வருமாறு அழைக்கப்பட்ட லங்கலிபலேலே அஞ்சி, தம் மக்களுடன் டிராகன்ஸ்பேர்க் மலைகளைக் கடந்து செல்ல முயன்றார். நவம்பர் 4 அன்று மலைக்கணவாய் ஒன்றில் நிகழ்ந்த மோதலில் குடியேற்றப் படையினர் ஐவர் இறந்தனர். இதற்குப் பழிவாங்கும் வகையில் ஹ்லூபி மக்களின் நிலமும் கால்நடைகளும் பறிக்கப்பட்டன. கிளர்ச்சியில் பங்கு கொள்ளாத அண்டையிலுள்ள புட்டினி மக்களும் இவ்வாறே தண்டிக்கப்பட்டனர். சிறைப்பிடிக்கப்பட்ட லங்கலிபலேலேக்கு வழக்கறிஞர் உதவி மறுக்கப்பட்டது. 1874 இல் அவரை வாழ்நாள் முழுதும் நாடு கடத்துமாறு தீர்ப்பளிக்கப்பட்டு, ராபன் தீவுக்கு அனுப்பப்பட்டார்.

லங்கலிபலேலே ஏன் அஞ்சினார் என்பதைக் கொலென்சோ ஆராய்ந்தார். 1858 இல் மட்சானா என்னும் தலைவரைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்து, தியோஃபிலஸ் ஷெப்ஸ்டோனின் தம்பி ஜான் ஷெப்ஸ்டோன் துப்பாக்கியை மறைத்து வைத்துப் பிடிக்க முயன்ற நிகழ்வே அந்த அச்சத்துக்குக் காரணம் என்று கண்டறிந்தார். அதனை நேரில் கண்ட ஆப்பிரிக்கர்களின் சாட்சியங்களை அவர்களுடைய மொழியிலேயே கேட்டுத் தொகுத்தார். பின்னர் நடந்த அரசு விசாரணையில், ஜான் ஷெப்ஸ்டோன் ஆயுதத்தை மறைத்து வைத்திருந்ததும் மட்சானாவைப் பிடிக்கத் திட்டமிட்டதும் உறுதியாயின. இருபது ஆண்டுக் காலம் நண்பராக இருந்த தியோஃபிலஸ் ஷெப்ஸ்டோனுடன் கொலென்சோவின் உறவு இதனால் முறிந்தது.

1874 இல் கொலென்சோ இங்கிலாந்துக்குச் சென்று குடியேற்ற நாடுகளின் அமைச்சர் கார்னர்வன் பிரபுவிடம் ஆதாரங்களை எடுத்துரைத்தார். அதன் விளைவாக நேட்டால் ஆளுநர் பெஞ்சமின் பைன் திரும்ப அழைக்கப்பட்டார். லங்கலிபலேலே தீவிலிருந்து கேப் பகுதியின் நிலப்பரப்புக்கு மாற்றப்பட்டார். ஆயினும் அவர் 1887 இல்தான் நேட்டாலுக்குத் திரும்ப முடிந்தது. ஐரோப்பியக் குடியேறிகள் கொலென்சோவைத் தம் இனத்தின் எதிரியாகக் கருதத் தொடங்கினர். அவருடைய பேராலயத்துக்கு வருவோர் தொகையும் குறைந்தது.

ஆங்கிலேய-சூலுப் போர்

1878 டிசம்பரில் பிரித்தானிய உயர் ஆணையர் பார்ட்டில் ஃபிரேர், சூலு அரசர் செட்சுவாயோவுக்கு ஏற்க இயலாத நிபந்தனைகளுடன் இறுதி எச்சரிக்கை விடுத்தார். 1879 ஜனவரி 11 அன்று பிரித்தானியப் படை சூலு நாட்டில் நுழைந்தது. ஜனவரி 22 அன்று இசண்டில்வானாவில் சூலுப் படை அதனை முறியடித்தது. பிரித்தானியத் தரப்பில் 1,300 க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். கொலென்சோ குடும்பத்தின் நண்பரான ஆன்டனி டர்ன்ஃபோர்டும் அவர்களில் ஒருவர்.

நேட்டால் முழுவதும் துயரமும் சினமும் நிறைந்திருந்த நிலையில், மார்ச்சு 12 அன்று சிறப்பு வழிபாட்டு நாள் கடைப்பிடிக்கப்பட்டது. அன்று தம் பேராலயத்தில் மறையுரை ஆற்றிய கொலென்சோ, இப்போர் அநீதியானது என்று கூறினார். நியாயம் செய்து இரக்கத்தை விரும்ப வேண்டும் என்னும் மீகா இறைவாக்கினரின் போதனையை அடிப்படையாகக் கொண்டு, சூலு நாட்டுக்குள் சென்ற பிரித்தானியர் இரக்கமும் நீதியும் காட்டினரா என்று வினவினார். இறந்த பிரித்தானியருக்காகத் துயருற்றது போலவே, தம் நாட்டைக் காக்கப் போரிட்டு இறந்த சூலு வீரர்களுக்காகவும் துயருற வேண்டும் என்றார்.

போரில் இறுதியாகத் தோல்வியுற்ற செட்சுவாயோ 1879 ஆகஸ்டில் பிடிக்கப்பட்டு கேப் டவுனில் சிறை வைக்கப்பட்டார். சூலு நாடு 13 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. கொலென்சோ 1880 இல் செட்சுவாயோவைச் சிறையில் சந்தித்தார். அரசின் வெளியீடுகளையும் செய்தித்தாள்களையும் ஆப்பிரிக்கர்களின் சாட்சியங்களுடன் ஒப்பிட்டு, முரண்பாடுகளைக் குறிப்புகளுடன் பிஷப்ஸ்டோவில் அச்சிட்டு இங்கிலாந்துக்கு அனுப்பினார். ஐந்நூல்களைச் சோதித்த அதே முறையை இவர் அரச அறிக்கைகளுக்கும் பயன்படுத்தினார் எனலாம். செட்சுவாயோ 1882 இல் இலண்டனுக்குச் சென்று விக்டோரியா அரசியைச் சந்தித்தார். 1883 ஜனவரியில் தம் நாட்டின் ஒரு பகுதிக்கு மட்டும் அரசராகத் திரும்பினார். அதனைத் தொடர்ந்து சூலு மக்களிடையே உள்நாட்டுப் போர் மூண்டது.

மறைவு

கொலென்சோ 1883 ஜூன் 20 அன்று காலமானார். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள புனித பேதுரு பேராலயத்தின் பலிபீடத்துக்கு முன்பாக அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு பிஷப்ஸ்டோ இல்லம் தீக்கு இரையானது.

குடும்பம்

கொலென்சோவுக்கு இரண்டு மகன்களும் மூன்று மகள்களும் இருந்தனர். மகள் பிரான்செஸ் (1849 - 1887) சூலுப் போரின் வரலாற்றை எழுதியவர்களுள் ஒருவர். மூத்த மகள் ஹாரியெட் (1847 - 1932) தந்தையின் பணியைத் தொடர்ந்து, செட்சுவாயோவின் மகன் டினுசூலு செயின்ட் ஹெலெனா தீவுக்கு நாடு கடத்தப்பட்டபோது அவருக்காகப் பல ஆண்டுகள் வாதாடினார். நியூசிலாந்தில் அச்சகத்தை நிறுவிய மறைபணியாளரும் தாவரவியலாளருமான வில்லியம் கொலென்சோ இவருக்கு ஒன்றுவிட்ட சகோதரர் முறையினர் ஆவார்.

மதிப்பீடு

கொலென்சோ பிரித்தானிய ஆட்சியை எதிர்த்தவர் அல்லர். அவ்வாட்சி ஆப்பிரிக்கர்களுக்கு நீதியும் நாகரிகமும் தரும் என்றே நம்பினார். நேட்டாலுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் ஷெப்ஸ்டோனின் நிர்வாக முறையையும் பாராட்டினார். ஆட்சியாளர்கள் கூறுவதும் செய்வதும் வேறு வேறு என்பதற்குச் சான்று கிடைத்த பின்னரே இவருடைய நிலை மாறியது. ஐந்நூல்கள் பற்றிய இவருடைய சில விளக்கங்கள் பின்னர் வந்த அறிஞர்களால் திருத்தப்பட்டன. ஆயினும், அந்நூல்கள் வெவ்வேறு காலங்களில் பலரால் எழுதப்பட்ட பகுதிகளைக் கொண்டவை என்னும் கருத்து பின்னர் விவிலிய ஆய்வில் பரவலாக ஏற்கப்பட்டது.

துகேலா ஆற்றங்கரையில் உள்ள கொலென்சோ நகரம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது. இரண்டாம் போயர் போரின்போது 1899 டிசம்பர் 15 அன்று புகழ்பெற்ற கொலென்சோ சமர் இங்கு நடைபெற்றது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஆப்பிரிக்க மக்கள் வாழும் சோபன்டு என்னும் குடியிருப்புக்கு, சூலு மக்கள் இவருக்கு இட்ட பெயரே வழங்கப்பட்டுள்ளது.